ஓர் எண் கற்பித்த பாடம்

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாகப் போற்றினர் நம் முன்னோர். அவ்விரு கண்களுள் எழுத்தின் இனிமையைப் பாராட்டுவோர் பலர். எண்ணின் இனிமையை உணர்ந்தோர் சிலரே. எண் என்றதும் கடைக்கணக்கும் வட்டிக்கணக்குமே பலர் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், மக்களுக்கு இயல்புகள் இருப்பது போலவே எண்களுக்கும் இயல்புகள் உண்டு. 15 என்னும் எண் 3, 5 எனப் பிரிந்து நிற்கும். 13 என்னும் எண்ணோ ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறு எதனாலும் வகுபடாது. இவ்வாறு வகுபடாது நிற்பனவற்றைப் பகா எண்கள் என்றும், வகுபடுவனவற்றைப் பகு எண்கள் என்றும் கூறுவர்.

ஓர் எண் பகா எண்ணா, பகு எண்ணா என்று கண்டறிதல் சிறிய எண்களில் எளிது. ஆயினும் அங்கும் கண் நம்மை ஏமாற்றும். 91 என்னும் எண்ணைப் பார்த்தவுடன் அது பகா எண் என்று மயங்குவோர் உளர். அது 7, 13 ஆகிய இரண்டின் பெருக்கம் என்பது வகுத்துப் பார்த்த பிறகே விளங்கும். எண் பெருகப் பெருக மயக்கமும் பெருகும். அத்தகைய பேரெண் ஒன்று என் வாழ்வில் குறுக்கிட்டு, என் செருக்கை அடக்கி, எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அதனையே இங்குக் கூற விரும்புகின்றேன்.

அப்போது நான் இளைஞன். பட்டம் பெற்று, ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியனாக அமர்ந்து ஓராண்டு நிறையவில்லை. அவ்வூர் நெல்லுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. கடைத்தெருவின் இருமருங்கிலும் மண்டிகள். காலை முதல் மாலை வரை மூட்டை ஏற்றும் வண்டிகள். கல்லூரியில் கற்ற கணிதம் என் உள்ளத்தில் பசுமையாக இருந்தது. பாடநூலில் உள்ளதை மட்டும் நடத்துதல் எனக்குக் குறைவாகத் தோன்றியது. ஆகவே, பள்ளி நூலகத்தில் இருந்த பழைய நூல்களைப் புரட்டிப் பார்த்து, அவற்றில் கண்ட புதுமைகளை மாணவர்களுக்குச் சொல்லி மகிழ்வேன்.

ஒருநாள் அவ்வாறு ஒரு நூலில் பெர்மா என்னும் அறிஞரைப் பற்றிப் படித்தேன். அவர் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்தவர். தூலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். வழக்குகளுக்கிடையே கிடைத்த ஓய்வு நேரத்தில் கணிதம் ஆராய்ந்து, எண்ணியல் என்னும் துறைக்கே புத்துயிர் ஊட்டியவர். அவர் கண்ட எண்வரிசை ஒன்று என் உள்ளத்தைக் கவர்ந்தது. மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் அதனைக் கரும்பலகையில் எழுதினேன்.

இரண்டில் தொடங்குவோம். இரண்டை அதனாலேயே பெருக்கினால் 4. நான்கை அதனாலேயே பெருக்கினால் 16. அதனை அவ்வாறே பெருக்க 256. மீண்டும் பெருக்க 65536. இவை ஐந்துடனும் ஒவ்வொன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்னும் எண்கள் கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். இனி 65536ஐ அதனாலேயே பெருக்கி ஒன்று கூட்டினால் வருவது 4294967297. அஃதாவது, நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இவ்வரிசையில் வரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று பெர்மா 1640ஆம் ஆண்டில் கருதினார். நான் படித்த நூல் அவ்வளவோடு நின்றது. நானும் அவ்வளவோடு நின்றேன்.

“ஆகவே, மாணவர்களே, இப்பேரெண்ணும் பகா எண்ணே!” என்று சொல்லிச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன்.

கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தையார் அரிசி மண்டி ஒன்றில் கணக்கர். மாலை வேளைகளில் அவனும் அங்குச் சென்று தொகை கூட்டித் தருவான். வகுப்பில் அதிகம் பேசாதவன்.

“ஐயா, இந்த எண்ணை யாராவது வகுத்துப் பார்த்தார்களா?” என்று கேட்டான்.

“பெர்மா சொல்லியிருக்கின்றாரே!” என்றேன்.

“மண்டியில் யார் சொன்னாலும் மூட்டையை மறுபடி ஒருமுறை எண்ணுவோம், ஐயா. அதனால்தான் கேட்டேன்.”

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அச்சிரிப்பு அவனை நோக்கியதா, என்னை நோக்கியதா என்று எனக்கு விளங்கவில்லை. சினம் மூண்டது. “உலகம் போற்றும் அறிஞரின் சொல்லும் உன் மண்டி மூட்டையும் ஒன்றோ? உட்கார்!” என்றேன். அவன் உட்கார்ந்தான்.

ஒன்றரை மாதம் கழிந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவன் என் மேசையருகே வந்து நின்றான். கையில் ஒரு தாள்கட்டு. மண்டியின் பழைய பேரேட்டுத் தாள்கள். அவற்றின் பின்புறமெல்லாம் வகுத்தல் கணக்குகள். “ஐயா, அந்த எண் 641 என்ற எண்ணால் மீதியின்றி வகுபடுகின்றது” என்றான். நான் கடைசித் தாளை மேலோட்டமாகப் பார்த்தேன். ஈவின் நடுவே இரண்டு சுன்னங்கள் அடுத்தடுத்து இருந்தன. இலக்கங்களை இறக்கத் தெரியாமல் சுன்னம் இட்டிருக்கின்றான் என்று அந்த நொடியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

“சாதாரண வகுத்தலே சரியாக வராத உனக்குப் பேரறிஞரைத் திருத்தும் ஆசை எதற்கு?” என்று சொல்லித் தாள்களை மேசையின் இழுப்பறையில் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் சென்றான்.

ஆண்டுத் தேர்வு வந்தது. கோடை விடுமுறையும் கழிந்தது. பள்ளி மீண்டும் திறந்தபோது அவனைக் காணவில்லை. மற்ற மாணவர்களைக் கேட்டேன். “அவன் இனிப் பள்ளிக்கு வரமாட்டானாம், ஐயா. மண்டியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ‘எனக்குக் கணக்கு வராது என்று ஐயாவே சொல்லிவிட்டார்’ என்று வீட்டில் சொன்னானாம்” என்றனர்.

அன்று மாலை எல்லாரும் சென்ற பின்னர் இழுப்பறையைத் திறந்தேன். தாள்கள் அப்படியே இருந்தன. அவற்றை முதலிலிருந்து படித்தேன். அவன் முதலில் பகா எண்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தான். பின்பு ஒவ்வொன்றாலும் அப்பேரெண்ணை வகுத்து, மீதியைத் தனியே குறித்திருந்தான். மூன்றால் வகுத்தால் மீதி 2. ஐந்தால் வகுத்தால் மீதி 2. ஏழால் 5, பதினொன்றால் 5, பதின்மூன்றால் 10. இவ்வாறே ஒன்றையும் விடாமல் சென்று, இரண்டு நீங்கலாக நூற்றுப் பதினைந்தாவது பகா எண்ணாகிய 641ஐ அடைந்திருந்தான். பத்து இலக்க எண்ணை நூற்றுப் பதினைந்து முறை வகுத்திருக்கின்றான்! மண்டி விளக்கொளியில், நாளுக்கு மூன்று கணக்காக அவன் அதனைச் செய்திருத்தல் வேண்டும்.

நடுங்கும் கையோடு நானும் ஒரு தாளை எடுத்து வகுக்கத் தொடங்கினேன். 4294இல் 641 ஆறு முறை அடங்கும், மீதி 448. ஒன்பதை இறக்கினால் 4489, அதில் ஏழு முறை அடங்கும், மீதி 2. ஆறை இறக்கினால் 26, அதில் 641 அடங்காது, ஈவில் சுன்னம். ஏழை இறக்கினால் 267, அதிலும் அடங்காது, மீண்டும் சுன்னம். நான் பிழையென்று எண்ணிய இரண்டு சுன்னங்களும் இவையே. அடுத்து, இரண்டை இறக்க 2672, நான்கு முறை, மீதி 108. ஒன்பதை இறக்க 1089, ஒரு முறை, மீதி 448. கடைசி ஏழை இறக்க 4487, ஏழு முறை. மீதி ஒன்றும் இல்லை.

ஈவு 6700417. அவன் எழுதிய விடையும் அதுவே.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு வகுத்தலுக்கு எனக்குத் தேவைப்பட்ட நேரம் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களை ஒரு மாணவனுக்காகச் செலவிட மறுத்தேன். அதனால் அவன் ஆண்டுக்கணக்கான கல்வியை இழக்கும் நிலை வந்தது. வகுத்தல் தெரியாதவன் அவனா, நானா?

மறுநாள் காலை மண்டிக்குச் சென்றேன். அவன் மூட்டைகளின் நடுவே அமர்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் தந்தையார், “வாருங்கள் ஐயா” என்று பாய் விரித்தார். நான் அமரவில்லை. வேலையாட்கள் பலர் பார்த்திருக்க, “தம்பி, நீ சொன்னதே சரி. நான் வகுத்துப் பார்க்காமல் சொன்னேன். நீ வகுத்துப் பார்த்துச் சொன்னாய். பிழை என்னுடையது. பள்ளிக்கு வா” என்றேன்.

அவன் சற்று நேரம் தலைகுனிந்து நின்றான். பின்பு, “ஐயா, அப்படியானால் அதற்கு அடுத்த எண்?” என்று கேட்டான். அவன் கண்களில் பழைய ஆர்வம் மீண்டும் ஒளிர்ந்தது. அவன் தந்தையார் அதனைக் கண்டார். அந்த வாரமே அவன் பள்ளிக்குத் திரும்பினான்.

அவனுடைய வினாவுக்கு விடை தேடி மாவட்டத் தலைநகரில் இருந்த கல்லூரி நூலகத்துக்குச் சென்றேன். அங்கேதான் முழு வரலாறும் எனக்குத் தெரிந்தது. 1640இல் எழுதிய கடிதங்களில் பெர்மா தம் கருத்தில் உறுதி தெரிவித்தபோதிலும், அதனை மெய்ப்பிக்கத் தம்மால் இயலவில்லை என்றும் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த அடக்கத்தை விட்டுவிட்டு அவருடைய கூற்றை மட்டும் நான் மாணவர்களுக்கு வழங்கியிருந்தேன்!

1729ஆம் ஆண்டில் கோல்டுபாக் என்பவர் ஆய்லர் என்னும் இளங்கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், பெர்மாவின் இக்கூற்றைப் பற்றிக் கேட்டார். சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்த ஆய்லர் அப்போது உருசிய நாட்டின் பீட்டர்சுபர்க் நகரத்தில் பணியாற்றிவந்தார். 1732இல் அவர் 4294967297 பகா எண் அன்று என்றும், அது 641ஆல் வகுபடும் என்றும் அறிவித்தார். பெர்மா கருத்துக் கூறி 92 ஆண்டுகள் கடந்த பின்னரே இவ்வுண்மை வெளிப்பட்டது.

ஆய்லர் பின்னாளில் மெய்ப்பித்த ஓர் உண்மை, இந்தத் தேடலை எவ்வளவு எளிதாக்கலாம் என்று காட்டுகின்றது. இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64ஆல் வகுத்தால் மீதி 1 ஆகவே இருத்தல் வேண்டும். அவ்வாறு மீதி தரும் எண்களை எழுதிப் பாருங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றுள் பகு எண்களை நீக்கினால் எஞ்சுவன 193, 257, 449, 577, 641 என்னும் ஐந்தே. நூற்றுப் பதினைந்து வகுத்தல்கள் ஐந்தாகக் குறைந்துவிடுகின்றன! வியப்பு இதனோடு முடியவில்லை. இவ்வழிக்கு அடிப்படையான தேற்றம் பெர்மாவே கண்டது. அதே 1640ஆம் ஆண்டில், இரண்டின் 37ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் குறைத்தால் வரும் 137438953471 என்னும் எண்ணை 223 வகுக்கும் என்று இத்தகைய வழியில்தான் அவர் கண்டறிந்தார். கருவி அவர் கையிலேயே இருந்தது. பெருந்திறன் படைத்தவர்க்கும் நம்பிக்கை சில வேளைகளில் கண்ணை மறைத்துவிடுகின்றது.

வகுக்காமலேயே இவ்வுண்மையைக் காணவும் ஒரு வழி உண்டு. 641 என்பது 640உடன் ஒன்று கூட்டியது. 625உடன் 16 கூட்டியதும் அதுவே. 640ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கி, வரும் தொகையை 641ஆல் வகுத்தால் மீதி 1. 640 என்பது ஐந்தை இரண்டின் ஏழாம் அடுக்கால் பெருக்கியது. ஆகையால் அத்தொகை, ஐந்தின் நான்காம் அடுக்காகிய 625ஐ இரண்டின் 28ஆம் அடுக்கால் பெருக்கியதற்குச் சமம். 625க்குப் பதிலாக, 641இலிருந்து 16ஐக் கழித்து இடுவோம். 641இன் மடங்கு ஒன்றிலிருந்து இரண்டின் 32ஆம் அடுக்கைக் கழித்தால் வருவதே அத்தொகை என்பது விளங்கும். அதனை 641ஆல் வகுத்தால் மீதி 1 என்று முன்னரே கண்டோம். ஆகவே, இரண்டின் 32ஆம் அடுக்குடன் ஒன்று கூட்டியது 641ஆல் மீதியின்றி வகுபட்டே தீரும். அந்த எண்தான் நம்முடைய 4294967297.

இவ்வெண்ணுக்கு வேறு அழகும் உண்டு. அதற்கு முன்னுள்ள 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 4294967295 வரும். நம் எண்ணைவிட இரண்டே குறைவு. ஆகையால் அவ்வைந்துள் எதனால் இவ்வெண்ணை வகுத்தாலும் மீதி இரண்டே. மாணவனுடைய தாள்களில் 3, 5, 17, 257 ஆகியவற்றுக்கு நேராக 2 என்றே எழுதியிருந்ததன் காரணம் இதனால் எனக்கு விளங்கியது.

பெர்மாவின் கருத்துப் பிழைத்தாலும், அவருடைய எண்கள் வீணாகவில்லை. 1796ஆம் ஆண்டில், பதினெட்டு வயதே நிரம்பிய காஸ் என்னும் செருமானிய இளைஞர், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு பக்கமுள்ள ஒழுங்கான பலகோணம் அமைக்க இயலும் என்று கண்டார். இரண்டாயிரம் ஆண்டுகளாக எவரும் காணாத அவ்வுண்மைக்கு அடிப்படையாக நின்றவை பெர்மாவின் பகா எண்களே.

மாணவன் கேட்ட அடுத்த எண் 18446744073709551617. சதுரங்கப் பலகையின் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என இரட்டித்து நெல்மணிகள் வைக்கும் கதையை நாம் அறிவோம். அறுபத்து நான்கு கட்டங்களிலும் சேரும் மணிகளின் தொகையோடு இரண்டு கூட்டினால் கிடைப்பது இவ்வெண்ணே. இதுவும் பகா எண் அன்று, 274177ஆல் வகுபடும். லாந்திரி என்னும் பிரெஞ்சுக்காரர், எண்பது வயதைக் கடந்த முதுமையில், 1880ஆம் ஆண்டில் இதன் காரணிகளை வெளியிட்டார். அதன் பின்னர் மாந்தர் கையால் வகுத்தது போதாதென்று கணிப்பொறிகளும் இவ்வேலையில் இறங்கின. நம் எண்ணிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்துள்ள இருபத்தெட்டு எண்கள் பகு எண்கள் என்று உறுதியாகியுள்ளது. 65537க்குப் பின் இவ்வரிசையில் ஒரு பகா எண்ணேனும் இன்றுவரை கிடைக்கவில்லை. எல்லாம் பகா எண்கள் என்றார் அறிஞர். ஐந்திற்குப் பிறகு ஒன்றும் அகப்படவில்லை!

இங்கு நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 4294967297 பகா எண் என்று ஒவ்வொன்றாக வகுத்து நிலைநாட்ட வேண்டுமானால், 65536க்கு உட்பட்ட 6542 பகா எண்களாலும் அது வகுபடவில்லை என்று காட்டுதல் வேண்டும். அது பகா எண் அன்று என்று காட்டுவதற்கோ 641 ஒன்றே போதும். ஒரு கருத்துக்குச் சான்றாக ஐந்து எடுத்துக்காட்டுகள் நின்றாலும், அதற்கு மாறான உண்மை ஒன்று தோன்றினால் அக்கருத்து வீழ்ந்துவிடும். பெர்மாவுக்கு ஐந்து எண்கள் துணை நின்றன. ஆறாவது எண் கைவிட்டது. உண்மை, சொன்னவருடைய பெருமையையோ கேட்டவருடைய சிறுமையையோ பார்ப்பதில்லை. மீதி இருக்கின்றதா இல்லையா என்பதையே பார்க்கின்றது.

அம்மாணவர் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கும் சென்றார். பின்னர்த் தம் தந்தையாரின் இடத்தில் அதே மண்டியில் கணக்கராக அமர்ந்தார். உலகம் அவரை அறியாது. ஆய்லர் கண்டதை அவர் இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு கண்டார். ஆகவே புதிய உண்மை எதனையும் அவர் உலகுக்கு அளித்தார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் எனக்கு அளித்தார். அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்தேன். ஒரு மாணவன் தாளை நீட்டி, “ஐயா, இது இப்படி வருகின்றதே!” என்று சொன்னபோதெல்லாம் என் கண்முன் இரண்டு சுன்னங்கள் தோன்றும். உடனே அமர்ந்து, அவன் கணக்கை முதல் வரியிலிருந்து போட்டுப் பார்ப்பேன். பல வேளைகளில் பிழை அவனுடையதாகவே இருந்தது. சில வேளைகளில் என்னுடையதாக இருந்தது. எவ்வாறாயினும், பார்க்காமல் பிழையென்று சொன்னதில்லை.

அந்தப் பேரேட்டுத் தாள்களை அவரிடம் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். “தங்களிடமே இருக்கட்டும், ஐயா” என்றார். இன்றும் அவை என்னிடமே உள்ளன. கடைசித் தாளின் அடியில், மீதி என்று எழுதி, அதற்கு நேராக அவர் இட்ட சிறிய சுன்னம் மங்காமல் இருக்கின்றது.